அணிந்துரையில் நான் வெட்டிய வரிகள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

பருத்தித்துறையில் பிறந்த அப்பா, அங்கே ஆசிரியராக இருந்தவர். இலண்டனில் மிச்சம் என்னும் பகுதியில் குடியேறி, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார். ஓய்வு நாளில் ஓவியக்கூடம், இல்லாவிட்டால் நூலகம். விக்டோரியா மகாராணி காலத்தில் இதே நகரில் இலக்கியத்தையும் ஓவியத்தையும் விமர்சித்து வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். உற்ற நண்பரின் ஓவியத்தையே பத்திரிகையில் குறை சொல்லி, அந்த நட்பை இழந்த மனிதராம். "அந்தாளுக்கு முகத்தாட்சண்யம் எண்டால் என்னெண்டே தெரியாது" என்று அப்பா பெருமையோடு சொல்வார். அப்பாவுக்கும் தெரியாது. நம்மவர் நூல் வெளியீடுகளில், பொன்னாடைக்கும் புகழ்மாலைக்கும் நடுவே, நூலை உண்மையிலேயே வாசித்துவிட்டு வந்து பேசுபவர் அவர் ஒருவர்தான். அவரை அழைக்கப் பலர் பயந்தார்கள். ஆனால் அவர் நல்லது என்றால் நம்பினார்கள்.

என் கவிதை நூலுக்கு அவரிடம் அணிந்துரை கேட்டேன். இரண்டு பக்கம் எழுதித் தந்தார். முதல் பந்தி பாராட்டு, மீதியெல்லாம் குறை. நான் பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவர் பெயரோடு அச்சிட்டுவிட்டேன். இலண்டனின் ஹரோ பகுதியில், வெளியீட்டு மண்டபத்தில்தான் அப்பா அதைப் பார்த்தார். மேடையில் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

திரும்பும்போது ரயிலில் கேட்டார்: "தம்பி, பக்கத்தில இடம் காணாமல் வெட்டினதோ?"

"ஓம் அப்பா" என்று அங்கேயும் பொய் சொன்னேன்.

"சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"மகன் எண்டவுடனே மனுசன் வளைஞ்சிட்டார்" என்று ஊரெல்லாம் கதை. பக்கத்து நோர்பரியில் தமிழ்க் கடை ஒன்றில் ஒருவர் அதை அப்பாவின் முகத்துக்கு நேரேயே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதன்பின் அவர் விமர்சனமே எழுதவில்லை. அந்த வரலாற்று நூலும் பாதியில் நின்றது. "இனி நான் எழுதி ஆர் நம்புறது?" என்று அம்மாவிடம் சொன்னாராம். நோய்ப்படுக்கையில் அவர் பக்கத்தில் இருந்த நாட்களிலும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

மருத்துவமனைக்கு நாள் தவறாமல் வந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. உங்களிடம் இன்னும் ஓர் உதவி வேண்டும். என் நூல் உங்கள் வீட்டில் இருந்தால், அணிந்துரையின் கீழே, அப்பாவின் பெயருக்கு மேலே, இதைப் பேனையால் எழுதிவிடுங்கள். அவர் எழுதியது, நான் வெட்டியது:

"இந்நூலில் மூன்று கவிதைகள் தேறும். மற்றவை உடைத்துப் போட்ட வசனங்கள். என் மகன் என்பதற்காக இதை நான் மறைத்தால், இதுவரை எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்."