ஹுமைராவின் இடது சக்கரம்

பெண் கையில் வண்டி இருந்தால் பிரேக் சீக்கிரம் தேயும் என்று எங்கள் பக்கத்து ஆண்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. டீக்கடையில் ஒருவர் சொல்ல, ஒர்க்‌ஷாப்பில் இன்னொருவர் தலையாட்ட, அதுவே சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவள் ஹுமைரா.

இரண்டாயிரத்து ஆறில் பழவேற்காட்டிலிருந்து எங்கள் ஆறு பேரைக் காலையில் ஏற்றிப்போய் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது அவள்தான். நாங்கள் ஒரு பாட்டில் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தோம். வெள்ளை வேன் அவள் கணவர் பைசல் ஓட்டியது. அவர் மஞ்சள் காமாலையில் இறந்ததும் வண்டியை விற்கச் சொல்லி ஊரே புத்தி சொன்னது. ஹுமைரா யாரிடமும் வாதாடவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கிவந்து, முதல் நாள் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த சீட் எனக்குத்தான்.

அவளுடைய அண்ணன் ஷாஹுல் படகுக்கு வேண்டிய பலகை, ஆணி, எண்ணெய் விற்கும் கடை வைத்திருந்தார். தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அவள் ஸ்டியரிங் பிடிப்பதைப் பார்த்தால் அவருக்குப் பயம். அதை மறைக்கவும் தெரியாது.

ஒரு நாள் காலை, எளாவூர் செக்போஸ்டில் தேங்கிய லாரிகளின் வரிசை எங்கள் திருப்பம் வரைக்கும் வந்துவிட்டது. ஹுமைரா பிரேக்கை அழுத்தினாள். வண்டி நிற்பதற்குப் பதில் வலது பக்கம் பிடுங்கிக்கொண்டு போனது. பக்கத்தில் வந்த பஸ்காரர் ஒடித்துத் திருப்பியதால்தான் இன்று இதை எழுதுகிறேன். பின்சீட்டில் ஒரே அலறல். இறங்கிப் பார்த்தால் முன்பக்க இடது சக்கரத்தில் கருகல் வாடை. கையை வைத்த ஹுமைரா சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பாக்கியராஜின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புத் தட்டு சுழலும். பிரேக் மிதித்தால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேட் அதை இறுக்கிப் பிடிக்கும். பாக்கியராஜ் இடது சக்கரத்தைக் கழற்றினான். உள்பக்கத்து பேட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அது அவனே கொஞ்ச காலத்துக்கு முன்பு புதிதாகப் போட்டது.

“அக்கா, நீங்கோ காலை பிரேக்குலயே வெச்சினு ஓட்றீங்கோ. லேடீஸ் வண்டின்னா இப்டித்தான்” என்றான்.

சாயங்காலமே விஷயம் ஷாஹுலின் காதுக்குப் போய்விட்டது. “போதும்மா. ஆறு பொம்பளைங்க உசுரு வெளையாட்டா? ஆரம்பாக்கத்துலேந்து கலியன்னு ஒரு டிரைவர வரச்சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து வண்டிய எடுத்துக்குவாரு. நீ ஊட்ல இரு” என்றார்.

ஹுமைராவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். “ஞாயித்துக்கெழம வரைக்கும் வண்டி என்னுதுதானண்ணே?” என்று மட்டும் கேட்டாள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றதால் அடுத்த இரண்டு நாள் நாங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளோடு நானும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பாக்கியராஜ் புது பேட்களை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தான்.

“அத உள்ள வை. மொதல்ல ரெண்டு சக்கரத்துலயும் இருந்த நாலையும் எடுத்துனு வா” என்றாள்.

நான்கையும் சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்தாள். வலது சக்கரத்தின் இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. இடதில் வெளிப்பக்கத்தது புதிது போலவே இருந்தது. உள்பக்கத்தது மட்டும் ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

“பிரேக்குல என் கால் ஒண்ணுதான் இருக்குது பாக்கியராஜ். அது எடது சக்கரத்தோட உள்பக்கத்த மட்டும் எப்டி தேய்க்கும்? சொல்லு, நான் சாவிய குடுத்துட்டுப் போயிட்றேன்.”

அவன் தலையைச் சொறிந்தான். எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது.

அதன் பிறகு அவனுக்கு வேறு வழியில்லை. என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்த்தான். பிரேக் ஆயில் வரும் குழாயில் அடைப்பில்லை. பேட்டைத் தள்ளும் பிஸ்டன் ஒழுங்காக வெளியே வந்தது, ஒழுங்காக உள்ளே போனது. பிறகு பேட்களைப் பிடித்திருக்கும் கேலிப்பரை அசைத்தான். அது இரண்டு சின்ன இரும்புப் பின்களின்மேல் முன்னும் பின்னும் நகரவேண்டும், அப்போதுதான் வெளிப்பக்கத்து பேடும் வந்து பிடிக்கும். வலது பக்கத்தது விரலால் தள்ளினாலே நகர்ந்தது. இடது பக்கத்தது இரண்டு கையால் உலுக்கியும் அசையவில்லை.

“இதான் பேஜாரு. உள்பக்கம் மட்டுமே வேல செய்து, வுடாமயும் ஒரசிகினு கீது” என்றவன், உடனே முடித்துவைக்கப் பார்த்தான். “உப்புக் காத்துக்கா. துரு புடிச்சிகிச்சி.”

“எடது பக்கம் மட்டும் துரு புடிக்குமா? வலது சக்கரம் இன்னா வேற ஊருக்கா போய்க்கினு இருக்குது?”

அவன் முணுமுணுத்துக்கொண்டே சுத்தியலை எடுத்தான். இடது பக்கத்துப் பின் லேசில் வரவில்லை. தட்டித் தட்டி வெளியே எடுத்தபோது அதில் துருவே இல்லை. வெல்லப்பாகு போல ஏதோ பழுப்பாக ஒட்டி இறுகியிருந்தது. அதை மூடியிருந்த ரப்பர் தொப்பி ஊறி உப்பியிருந்தது. பாக்கியராஜ் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். அவன் கவரப்பேட்டைக்காரன், அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது. பழவேற்காட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். படகுப் பலகைக்குப் பூசும் மீன் எண்ணெய்.

ஹுமைரா அந்தப் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஷாஹுல் டிரைவர் கலியனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

“அண்ணே, இத மோந்து பாரு.”

வாங்கி முகர்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

“மழையில நம்ம தெருவுல ஏரித் தண்ணி ஏறிச்சே... வண்டி அடியெல்லாம் உப்பு அரிச்சிடும்னு நான்தாம்மா எண்ண பூசினேன். ஒரு ரப்பர் மூடி இருந்திச்சி, அதத் தூக்கி உள்ளயும் நல்லா ஊத்தினேன். படகுல பலக இடுக்குல ஊத்தறாப்ல.”

“வலது பக்கம்?”

“வண்டி செவுத்த ஒட்டி நின்னுகினு இருந்திச்சி, கை உள்ள பூரல. அப்றமா பாத்துக்கலாம்னு வுட்டேன், மறந்துட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சுவர் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் ஊற்றி எங்கள் எல்லோரையும் நேராக லாரிக்குள் அனுப்பியிருப்பார் மனிதர். பாசத்தில் செய்ததுதான், யார் இல்லை என்றார்கள்? கேட்டுவிட்டுச் செய்தால் பாசம் குறைந்துவிடுமா?

ஹுமைரா திட்டவில்லை. கணவர் இறந்த பிறகு முதல்முறையாக அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். “நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி, என் கால்தான் கொல்லப் பாத்துச்சோன்னு நானே நெனச்சிட்டேண்ணே. ரெண்டு நாளா தூக்கம் இல்ல” என்றாள். ஷாஹுல் தரையிலிருந்த பேட்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாக்கியராஜ் இடது பக்கத்துக்குப் புது பின், புது ரப்பர் போட்டு, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் தடவி, இரண்டு சக்கரத்துக்கும் பேட் மாற்றினான். வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் சாவியை ஷாஹுலிடம் நீட்டினான்.

ஷாஹுல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஓட்டறவங்க கிட்ட குடு.”

ஹுமைரா சாவியை வாங்கினாள். “எல்லாரும் ஏறுங்க. பாக்கியராஜ், நீயும்தான். முன்னாடி உக்காந்து என் காலப் பாத்துகினே வா” என்றாள். அன்றைக்கு மட்டும் என் சீட்டை விட்டுக்கொடுத்தேன்.

விடுமுறை நாள் என்பதால் சிப்காட் ரோடு காலியாகக் கிடந்தது. வேகம் பிடித்தாள். பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து விரல்கடை அளவு தூக்கிக்கொண்டு பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. போட்ட கோடு மாறாமல் நின்றது.

“பாய், இந்த வண்டிக்கு நான் எதுக்கு?” என்று கலியன் சிரித்தார்.

ஹுமைரா பின்னால் திரும்பினாள். “இன்னொரு தபா புடிச்சிக் காட்டட்டாண்ணே?”

“வேணாம்மா” என்றார் ஷாஹுல். “நீ ஓட்டு. நான் உக்காந்துகினு வரேன்.”