வியாழக்கிழமை பேசிய ஞாயிற்றுக்கிழமை

வாஞ்சிநாதனின் குரலைத் தெரியாத தமிழர் அன்றைய நியூ ஜெர்சியில் குறைவு. ஆளைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. இந்தியக் கடையில் அரிசி மூட்டை ஓரமாக நின்று, "கொஞ்சம் வழி விடுங்க" என்று அவன் சொன்னால் போதும், முன்னால் நிற்கிற அம்மாள் விருட்டென்று திரும்பி, "அட, நம்ம ரேடியோ!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கூவிவிடுவாள்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, பஸ் உள்ளே நுழையாத ஓர் ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன். வேதியியல் படித்தது வயிற்றுக்கு. திருநெல்வேலி வானொலியில் தற்காலிக அறிவிப்பாளனாக மாதத்தில் சில நாள் போய் உட்கார்ந்தது மனசுக்கு. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் வாயிலிருந்து போனது போனதுதான், எட்டிப் பிடிக்க முடியாது. அந்தப் பயத்தில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது.

அந்த ருசியை அமெரிக்காவில் அவனுக்குத் திரும்பக் கொடுத்தவர் சிவராமகிருஷ்ணன்தான். எடிசன் நகரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தவர். அவனை வேலைக்கு வரவழைத்தவர். ஒரு பொங்கல் விழாவில் அவன் மைக்கைப் பிடித்துப் பேசியதைக் கேட்டுவிட்டு, கல்லூரி ரேடியோ ஒன்றில் ஞாயிறு காலை ஒரு மணி நேரத்தை வாங்கிவிட்டார். பாட்டு, ஊர்ச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, நடுநடுவே புடவைக் கடை விளம்பரம். முதல் சில மாதங்கள் வாஞ்சிநாதன் தரையில் கால் பாவாமல் நடந்தான்.

பிறகு கூடத்தில் வேலை கூடியது. ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓட வேண்டியிருந்தது. ஓட்டுவதற்கு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

"வியாழக்கிழமை சாயங்காலமே போய் ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துடு. ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன்ல இருக்கற பையன் டேப்பைப் போட்டுடுவான்" என்றார் சிவராமகிருஷ்ணன்.

"அப்ப டேப்புன்னே சொல்லிருவோமா சார்?"

"டேப்புன்னா எவன்யா விளம்பரம் குடுப்பான்? லைவ்னுதான் எல்லாரும் நெனச்சிண்டிருக்கா. நீ பாட்டுக்கு 'இப்போது நேரம் பத்து மணி'ன்னு கணீர்னு சொல்லு. யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா? யாருகிட்டயும் மூச்சு விடாதே." அடுத்த மூச்சில், "ஆமா, உன் கிரீன் கார்ட் பேப்பர் லாயர்கிட்ட இருக்கு. நான் கையெழுத்துப் போடணுமாம், ஞாபகப்படுத்து" என்பார். அவன் ஞாபகப்படுத்துவான். கையெழுத்து மட்டும் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் கிரீன் கார்ட் மனு எல்லாம் முதலிலிருந்து. ஊருக்குத் திரும்பலாம் என்றால், அவன் அமெரிக்காவில் இருக்கிறான் என்ற ஒன்றை வைத்தே இரண்டு தங்கைகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. அதனால் வாராவாரம் வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்தில், "இந்த இனிய ஞாயிறு காலையில்" என்று சிரித்த குரலில் தொடங்கினான். ஒருமுறை வானிலை அறிக்கையை நம்பி, "வெளியே பனி கொட்டுகிறது, நேயர்களே" என்று சொல்லிவைத்தான். ஞாயிறன்று வெயில் பளீரென்று அடித்தது. "உங்க ஸ்டுடியோவுக்கு மட்டும் தனியா பனி பெய்யுதோ?" என்று ஊரே கேலி செய்தது. சிரித்து மழுப்பினான்.

பிரிட்ஜ்வாட்டரில் நவரத்தினம் என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். வாஞ்சிநாதன் ரேடியோவில் வணக்கம் சொன்னால், அடுக்களையில் இருந்தபடியே பதில் வணக்கம் சொல்கிற மனுஷர். அவருக்கு அறுபது பிறந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மனைவி தவமணிதேவி முன்கூட்டியே போன் செய்தார். "தம்பி, நல்லாப் பகிடியாச் சொல்லும். ஆள் சிரிச்சு விழவேணும்."

வியாழனன்று நன்றாகவே பகடி செய்தான். "நவரத்தினம் அண்ணன் அறுபது என்கிறார், தலைமுடி சாயம் நாற்பது என்கிறது. நூறைத் தொடும்போது நான் கிழவனாகியிருப்பேன், அண்ணன் அப்படியே இருப்பார்!"

சனிக்கிழமை காலை, வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

கேள்விப்பட்டதும் வாஞ்சிநாதன் சிவராமகிருஷ்ணனுக்குப் போன் செய்தான்.

"சார், ஸ்டேஷன்ல போனை எடுக்க ஆளில்ல. நாளைக்குக் காலையில நான் நேரே ஸ்டேஷனுக்குப் போயி அந்த வாழ்த்தை மட்டும் வெட்டிட்டு வந்துருதேன்."

"மிஷினை யாரு பாக்கறது? சாம்பிள் போச்சுன்னா கான்ட்ராக்டே போச்சு."

"அந்த வீட்ல கேட்டாங்கன்னா?"

"சாவு விழுந்த வீட்டுல எவன்யா ரேடியோ போடுவான்? பேசாம இரு. உன் பேப்பர் இப்பத்தான் ஒரு வழிக்கு வந்திருக்கு."

பேசாமல்தான் இருந்தான். அன்று மாலை துக்க வீட்டுக்குப் போய்த் தவமணிதேவிக்கு எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தான். ஒவ்வொரு தரமும் யாராவது உள்ளே வந்தார்கள். அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடத்து ரேடியோவில் அவன் குரல் அவனுக்கே வணக்கம் சொன்னது. கையில் தண்ணீர்க் குப்பியோடு நின்றான். வாழ்த்து வந்தது. நாற்பது வந்தது, நூறு வந்தது. அந்தச் சிரிப்பை நிறுத்த உலகத்தில் ஒரு பொத்தான்கூட அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை.

திங்கட்கிழமை இறுதிச் சடங்குக்குச் சிவராமகிருஷ்ணன் தன் காரிலேயே அவனை அழைத்துப் போனார். ஃப்யூனரல் ஹோம் வாசலில் நின்றவர்கள் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவமணிதேவி எழுந்து அவனிடம் வந்தார். அழுது காய்ந்த கண்.

"தம்பி, சனிக்கிழமை பின்னேரம் நீர் எங்கட வீட்டிலதானே இருந்தனீர்?"

"ஆமாக்கா."

"இவர் போனது தெரியும்தானே உமக்கு? தெரிஞ்சும் அடுத்த நாள் காலமை எப்பிடித் தம்பி அப்பிடிச் சிரிக்க வந்தது? அப்பாவுக்குப் பிடிக்கும் எண்டு பிள்ளைதான் ரேடியோவைப் போட்டவள். படத்துக்குப் பக்கத்தில கொண்டுவந்து வச்சவள்."

அவன் பதில் சொல்வதற்குள் சிவராமகிருஷ்ணன் முன்னால் வந்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா. பையன் ஏதோ குழப்பத்துல பேப்பரைப் பாத்து அப்படியே படிச்சுட்டான். நான் கண்டிச்சிருக்கேன்."

குழப்பம் என்று ஒப்புக்கொண்டால் போதும். கையெழுத்து வந்துவிடும், தங்கைகள் கரையேறிவிடுவார்கள். பிணத்தைப் பார்த்துச் சிரித்தவன் என்ற பெயர் மட்டும் இருக்கும். சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து நவரத்தினத்தின் மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கலக்கா" என்றான். ரேடியோக் குரல் இல்லை. "அது டேப்பு. வியாழக்கிழமை, அண்ணன் நல்லா இருக்கையில பேசினது. ரெண்டு வருஷமா எல்லாமே டேப்புதான். ஞாயித்துக்கிழமை நான் அங்க இருக்கதே இல்ல. உங்க வீட்ல வச்சே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

தவமணிதேவி அவனையும் சிவராமகிருஷ்ணனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப ஒவ்வொரு ஞாயிறும் இந்த மனுஷன் பதில் வணக்கம் சொன்னது ஆருக்கு?"

பிறகு அவரே, "போய் இரும் தம்பி" என்று நாற்காலிகள் இருந்த பக்கம் கை காட்டினார். "இவருக்கு உம்மில சரியான விருப்பம்."

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது சிவராமகிருஷ்ணன் காரைக் கிளப்பி வைத்திருந்தார். வந்த காரில்தான் திரும்பியாக வேண்டும். வாஞ்சிநாதன் பின்கதவைத் திறந்தான்.

"முன்னாடி வா. நான் என்ன உன் டிரைவரா?"

முன்னால் உட்கார்ந்தான். கார் ஃப்ரீவேயில் ஏறியது. எடிசன் பலகை தெரிந்ததும் சிவராமகிருஷ்ணன் சொன்னார்: "வியாழக்கிழமை இனி நீ போக வேண்டாம். என் ஒய்ஃப் ஸ்வர்ணா பேசிக்கட்டும்."

"என் பேப்பர் சார்?"

"ஞாயித்துக்கிழமை வேலைக்கு வருவே இல்ல?"

"வருவேன் சார்."

"அப்புறம் என்ன" என்றார் அவர். கூடத்து வாசலில் அவனை இறக்கிவிட்டார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.