பன்னிரண்டாவது மாணவி

நாடகக் கலையில் பட்டம் வாங்கி மூன்று வருடம் அலைந்த பிறகு அவளுக்கு அமைந்த நிலையான வேலை, நோயாளியாக நடிப்பது. மருத்துவக் கல்லூரித் தேர்வில் மாணவர்கள் தொட்டுப் பார்த்துச் சோதிக்க ஆள் வேண்டுமே! காலையில் மூட்டுவலி, மத்தியானம் மூச்சிரைப்பு. வீட்டில் சிட்டு என்று கூப்பிடும் அவளை அக்கா கிண்டல் பண்ணாமல் விடமாட்டாள்: "ராணி வேஷம் கட்டுவேன்னு படிக்கப் போன. இப்ப கட்டில்ல படுத்து முனகிட்டிருக்க." ஆனால் அந்த முனகலைக்கூட சிட்டு ஒப்பேற்றியதில்லை, வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வராத, படபடப்புள்ள பெண் வேஷம். மாணவர்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுத வேண்டும். பதினொரு பேர் அப்படியே எழுதிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவதாக வந்த ஒல்லிப் பெண்ணின் கை ஜில்லென்றிருந்தது.

"எச்சில் முழுங்குங்க... இன்னொரு தடவை." அந்த விரல்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. "இங்க ஒரு கட்டி இருக்குங்க. உங்களுக்குத் தெரியுமா?"

மனப்பாடம் செய்த வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. தேர்வில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, "தெரியாதுங்க டாக்டர்" என்றாள், வேஷம் கலையாமல். மூலையில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த பெரிய டாக்டர் எழுந்து வந்து தானும் தொட்டுப் பார்த்தார்.

"நடிக்கிறத நிறுத்தும்மா" என்றார் மெதுவாக.

அப்போதுதான் அவள் கை தன் கழுத்தைத் தேடிப் போனது.

ஊசி வைத்து எடுத்த சோதனையின் முடிவுக்கு ஒன்பது நாள். சாப்பாடு இறங்கவில்லை. போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணும் இருக்காதுடி" என்ற அக்கா, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது இவளுக்குக் கேட்டது. தைரியசாலி மாதிரி நடித்துப் பார்த்தாள். படித்த வித்தை கைகொடுக்கவில்லை.

புற்றுதான். ஆரம்பக் கட்டம், எடுத்துவிடலாம் என்றார்கள். "குரல் நரம்பு அதை ஒட்டியே போகுது. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவேன், ஆனா வாக்குக் குடுக்க முடியாது" என்றார் அறுவை மருத்துவர். செத்துவிடுவோம் என்பதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் சிட்டுவை உலுக்கியது.

மயக்கம் தெளிந்தும் அரை நாள் அவள் வாயே திறக்கவில்லை. திறந்து சத்தம் வராவிட்டால்?

"ஏதாவது பேசுடி, எனக்குப் பயமா இருக்கு" என்று அக்கா கெஞ்சினாள்.

"எனக்கும்தான்" என்றாள் சிட்டு. கரகரவென்று, யார் குரலோ போல இருந்தது. அக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உச்சத்துக்குப் போகும் குரல் திரும்பவேயில்லை. அடிக்குரலை வைத்துக்கொண்டு இப்போது வானொலி நாடகங்களில் பேசுகிறாள். கல்லூரிக் கட்டிலிலும் படுக்கிறாள். யாராவது கழுத்தருகே கையைக் கொண்டுவந்தால் மட்டும் மூச்சு நின்று நின்று வருகிறது. நன்றாக நடிக்கிறாள் என்று அதற்கும் பாராட்டுகிறார்கள்.