டீச்சரின் காருக்கு ஹோஸும் பைப்பும்

1. உப்பிப் போன ஹோஸ்

காரைக்குடியில் முப்பது வருடமாக ஹோஸ் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் வண்டி, ஜேசிபி, பம்ப்செட் எதுவானாலும் ஹோஸ் அறுந்தால் என்னிடம்தான் வருவார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, ஸ்டெல்லா டீச்சர் வந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை மேஜையில் வைத்தார். பாட்டிலுக்குள் பெட்ரோல். அதில் முந்தின வாரம் நான் விற்ற கறுப்பு ஹோஸின் ஒரு துண்டு.

"பாய், நாலு நாளா ஊற வச்சேன். உப்பிப் போச்சு. பெட்ரோலுக்குத் தாங்கும்னு சொன்னீகளே?"

சொன்னது உண்மைதான். அது தண்ணீருக்கான ஹோஸ். 'ரப்பர்தானே, தாங்கும்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன். அப்போதுதான் எதற்கு என்று கேட்டேன். அமராவதிபுதூரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தானே கட்டுவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுப்பவர். விபத்தில் நொறுங்கிய சின்னக் கார் ஒன்றை வாங்கி, இன்ஜினைக் கழற்றி வைத்திருந்தார்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூடான இன்ஜின் பக்கத்தில் அந்த ஹோஸ் கசிந்திருந்தால் தீப்பிடித்திருக்கும். அன்றே மதுரை டீலரிடம் போனில் கேட்டு, பெட்ரோலுக்கென்றே வரும் ஹோஸை பஸ் பார்சலில் வரவழைத்தேன். அதன் மேல் அச்சடித்திருந்த எழுத்தையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

2. கேட்டும் காரும்

அடுத்து காரின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு ஒரு இன்ச் சதுர பைப் தேவைப்பட்டது. இரண்டு எம்எம் கனம் இருக்க வேண்டும் என்றார். கேட், கிரில் செய்கிறவர்களுக்கு இரும்பு விற்கும் என் நண்பர் செல்வத்திடம் கூட்டிப் போனேன். டீச்சர் பையிலிருந்து கனம் அளக்கும் ஸ்க்ரூ கேஜை எடுத்து பைப்பின் வாயில் வைத்தார். ஒன்று புள்ளி ஆறு.

செல்வம் கோபப்படவில்லை. "எல்லாரும் இதைத்தான் ரெண்டு எம்எம்னு வாங்கிட்டுப் போறாக டீச்சர். கேட்டுக்கு இது போதும்."

"போதும்ண்ணே. ஆனா கேட்டு எண்பதுல ஓடாதுல்ல?"

செல்வம் சிரித்துவிட்டார். சரியான கனத்தில் திருச்சியிலிருந்து இறக்கித் தந்தார். ஒவ்வொரு பைப்பையும் இரண்டு முனையிலும் அளந்து, டீச்சர் சாக்பீஸால் டிக் போட்ட பிறகுதான் ஆட்டோவில் ஏற்றினோம். மறுவாரம் போனபோது செல்வத்தின் மேஜையிலும் ஒரு ஸ்க்ரூ கேஜ் இருந்தது.

3. பிரேக்

கடைசியில் டீச்சர் பிரேக் ஹோஸுக்கு வந்தார். ஹோஸ் முனையில் பிட்டிங் வைத்து நெரிக்கும் க்ரிம்பிங் மெஷின் என்னிடம் இருக்கிறது. ஜேசிபிக்கே செய்கிறேன், காருக்கு முடியாதா என்று கை துறுதுறுத்தது. டீலரிடம் கேட்டேன். ஜேசிபி ஹோஸ் ஹைட்ராலிக் ஆயிலுக்கானது, பிரேக் ஆயில் அதை அரித்துவிடும் என்றார்.

"டீச்சர், இது எனக்குத் தெரியாத வேலை. நான் செஞ்சு தர மாட்டேன்" என்றேன். கஸ்டமரிடம் அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. அவர் முகம் வாடும் என்று பார்த்தேன்.

"நல்லதாப் போச்சு பாய். செஞ்சு தாறேன்னு சொல்லியிருந்தீகன்னா பயந்திருப்பேன்."

இருவருமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், அந்தப் பழைய கார் மாடலுக்கே உரிய புது ஹோஸ்களை வாங்கினோம். நீளம் கொஞ்சம் பற்றவில்லை. ஹோஸை இழுத்துப் பொருத்தாமல், அதைத் தாங்கும் பிராக்கெட்டை டீச்சரே வெட்டி இடம் மாற்றி வெல்டிங் வைத்தார்.

கார் தயாரானது. வீட்டில் கட்டிய காரைப் பொது ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. அதனால் இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத பிளாட் லேஅவுட்டில், உரிமையாளரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வத்தையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்தோம். முதலில் டீச்சர் மட்டும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனார். வேகமெடுத்து, பிரேக்கை அழுத்தினார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. இறங்கி, அடியில் படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் கடைக்காரன் வேலைதான். இதைக் கற்க எனக்கு முப்பது வருடம் ஆனது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

அடுத்து என்னை ஏறச் சொன்னார். முதல் ரவுண்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் திறந்தேன். மூன்றாவது ரவுண்டை, செல்வம் தன் முறை வந்துவிட்டதென்று கத்திக்கொண்டிருக்க, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.