ரசமட்டம் அத்தை கோணலாக அடித்த அலமாரி

பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. விஷயம் இதுதான்: பூமியை மாட்டிய அன்று ரசமட்டம் அத்தையை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஏணியைச் சாத்தி ஏறி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "யாருய்யா இதை மாட்டினது?" என்று ஒரு சத்தம் போட்டு, டீ ஆறுவதற்குள் நிமிர்த்திவிட்டு இறங்கியிருப்பாள். கோடை, குளிர் என்று தனித்தனியாக எதுவும் இருந்திருக்காது. எல்லா நாளும் ஒரே அளவில், மட்டமாக இருந்திருக்கும்.

ரசமட்டம் என்பது கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும் கருவி. பலகை மேல் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நின்றால் பலகை மட்டம், ஓடினால் கோணல். அத்தை அதைக் கையால் தொட்டதே கிடையாது. தெருவே அவளுக்கு அந்தப் பேரை வைத்த பிறகு தனியாக ஒன்று எதற்கு? ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அவள் கண் போவது வீட்டுக்காரர் முகத்துக்கு அல்ல, நிலைப்படிக்கு. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவை நிமிர்த்துவாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே சாப்பாட்டுக் கேரியரோடுதான். கல்யாணமான புதிதில், வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனாள். கேரியரை வைத்துவிட்டு, "அந்தக் கதவு சாஞ்சிருக்கு" என்றாள். தச்சர் சிரித்தார். அளந்து பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. அன்றைக்கு அங்கேயே நின்றவள்தான். அதற்குப் பிறகு மாமாவுக்குச் சாப்பாடு நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இப்போது கடைப் பலகையில் 'பழைய வீடு புதுசாகும்' என்று எழுதியிருக்கும். மாமா பெயிண்ட். மகன் மரவேலை, இடுப்பில் அளவு நாடா இல்லாமல் அவனைப் பெற்றவளே பார்த்ததில்லை என்பதால் அவன் பேர் டேப்பு. அத்தையின் அண்ணன் மகள் சில்லுண்டி. பதினாறு வயது. கணக்குப் பாடத்துக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. கணக்கு பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டது, அவள் வெளியே வந்துவிட்டாள். கடையில் அவள் வேலை என்னவென்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அவள் இல்லாத நாளில் வேலை சீக்கிரம் முடியும் என்று மட்டும் டேப்பு சொல்வான்.

சில்லுண்டி கண்டுபிடித்த ஒரு பொழுதுபோக்கு உண்டு. அத்தை வீட்டுக் கூடத்தில் காலண்டர், கண்ணாடி, படம் என்று என்ன தொங்கினாலும், ஆள் இல்லாத நேரம் பார்த்து வலது கீழ் மூலையை ஒரு அரிசி அளவு இழுத்துவிடுவாள். பிறகு நல்ல பிள்ளையாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். அத்தை கூடத்தைத் தாண்டிப் போவாள். நடை நிற்கும். மூக்கு ஒரு தடவை சுருங்கும். திரும்பி வந்து நிமிர்த்துவாள். அந்த மூக்குச் சுருக்கத்துக்காகச் சில்லுண்டி என்ன வேண்டுமானாலும் செய்வாள். சினிமாவுக்குக் காசு கொடுக்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

இது ஒரு பருவம் முழுக்க நடந்தது. நடுவில் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டாள். "வயசாகுதுல்ல" என்றாள். சில்லுண்டியும் அப்படித்தான் நினைத்தாள்.

வருஷத்துக்கு ஒரு வாரம் கடை ஊருக்காக வேலை செய்யும். கூலி கிடையாது, பேச்சு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருஷம் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட்டார்கள். இன்னொரு வருஷம் மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். "நான் தெரிஞ்சே கோணலா கட்டினது இது ஒண்ணுதான்" என்று அத்தை அதைப் பற்றிச் சொல்வாள். இந்த வருஷம் சமூகக் கூடத்தின் பின்பக்கம் இருட்டாகக் கிடந்த அறையை வாசிப்பறை ஆக்குவது என்று முடிவானது. தெருவே வீட்டிலிருந்த புத்தகங்களைக் கொண்டுவந்து கொட்டியது. மாமா சுவருக்குப் பட்டி பார்த்து வெள்ளை அடித்தார். நீளச் சுவர் முழுக்க நான்கு வரிசை அலமாரிப் பலகை. அதை அத்தை தன் கையாலேயே அடித்தாள், கண்ணாலேயே பார்த்து. டேப்பும் சில்லுண்டியும் அன்று வேறொரு வீட்டில் சமையல் மேடையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

திறப்புக்கு முந்தின நாள் எல்லோரும் கூடியிருந்தார்கள். நூலகர் அம்மா புத்தகங்களைப் பிரித்து அடுக்கத் தயாராக நின்றார். தையல்காரர் ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தவர், கையிலிருந்த நூல்கண்டை அலமாரியின் வலது ஓரத்தில் வைத்தார்.

நூல்கண்டு கொஞ்சம் யோசித்தது. பிறகு உருண்டது. யாருக்கும் அவசரமில்லாத வேகத்தில், நீளச் சுவர் முழுக்க ஊர்வலம் போய், இடது ஓரத்தில் விழுந்து, நூலகர் அம்மாவின் காலடியில் நின்றது.



"காத்துல உருண்டிருக்கும்" என்றார் தையல்காரர்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

டேப்பு ரசமட்டத்தை எடுத்து ஓடிவந்து பலகை மேல் வைத்தான். குமிழி வலது பக்கம் ஓடி, அங்கேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த வரிசை. அதுவும் அப்படியே. நான்கு வரிசையும் வலது ஓரத்தில் இரண்டு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றன. அவன் முகம் சுவரைவிட வெள்ளையாகிவிட்டது.

"அம்மா... இதை நீயா அடிச்சே?"

அத்தை பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நான்தான்டா. கொஞ்ச நாளாவே கண்ணு சரியில்ல. வீட்டுல எதை மாட்டினாலும், நேரா இருக்குன்னு பார்த்துத்தான் மாட்டுறேன். அப்புறம் வந்து பார்த்தா வலது பக்கம் தாழ்ந்திருக்கு. எப்பவும் வலது பக்கம்தான். சரி, என் கண்ணு வலது பக்கம் ஏமாத்துதுன்னு நெனச்சேன். அதனால இங்க அடிக்கும்போது, கண்ணுக்கு நேரா தெரிஞ்சாலும் வலது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கித் தூக்கி அடிச்சேன்."

சில்லுண்டி தன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அப்போ தூக்காம அடிச்சிருந்தா சரியா இருந்திருக்குமே" என்றார் மாமா. அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற வாக்கியம் அது ஒன்றுதான்.

"இருந்திருக்குமா? எனக்குத் தெரியலீங்க. எதை நம்புறதுன்னே தெரியலை." அத்தை தன் சுத்தியலை எடுத்து டேப்பின் கையில் வைத்தாள். "இனிமே நீ பாரு. நான் கடையில உட்கார்ந்து போன் எடுக்கிறேன்."

அம்மா எப்போது ஒதுங்குவாள், நாம் எப்போது ரசமட்டத்தை வைத்து முறையாக வேலை செய்யலாம் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவன் டேப்பு. இப்போது சுத்தியலைச் சுடுகிற பாத்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றான். "வேணாம்மா. நீயே வெச்சுக்கம்மா" என்றான். அத்தை கையை நீட்டவில்லை.

செய்தி அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் தெருக்கோடிக்குப் போய்விட்டது. ரசமட்டம் கோணலாக அடித்துவிட்டாள்! ஒருவரும் நம்பவில்லை, நம்பாமலே எல்லோரும் வீட்டுக்குள் ஓடி அவரவர் அலமாரியைச் சோதித்தார்கள். ஒருத்தர் கோலிக்குண்டை வைத்தார். ஒருத்தர் முட்டையை வைத்துவிட்டுக் கீழே கையேந்தி நின்றார். மளிகைக்கடைக்காரர் தம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து எதிரில் காவல் உட்கார்ந்தார். எதுவும் உருளவில்லை, எதுவும் சிந்தவில்லை. அதுதான் அவர்களுக்கு இன்னும் அதிர்ச்சி.

"இத்தனை வருஷமா ஒரு நூல் பிசகலையே. அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று தையல்காரர் வாசலுக்கு வந்து கேட்டார்.

கேட்டது சில்லுண்டியிடம். அவளுக்குப் பதில் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் உள்ளே போனாள். அத்தை கூடத்தில் காலண்டருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை."

"என்னடி?"

"ஒருவேளை அந்தக் கட்டடமே கோணலோ?"

"போடி."

"இல்லத்தை, லாரி கீரி போனா சுவரெல்லாம் ஆடும்ல. அதுல வீட்டுப் படமெல்லாம் தானா சாஞ்சிருக்கும்."

"லாரி நம்ம சந்துக்குள்ள எங்கடி வருது? சைக்கிளே திரும்ப மாட்டேங்குது."

சில்லுண்டியின் வாய்க்கு ஒரு வியாதி. உண்மையை உள்ளே போட்டால் வெளியே வேறு ஏதாவதுதான் வரும். இன்னொரு தடவை முயன்றாள், "வெங்காயம் உரிக்கட்டுமா?" என்று வந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணையும் துடைத்தாளா என்று சில்லுண்டி பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை டேப்பு பலகைகளைக் கழற்றி, ஒவ்வொரு தாங்கிக்கும் ரசமட்டம் வைத்து மறுபடி அடித்தான். எல்லாம் நேராக நின்றன. அத்தையும் வந்திருந்தாள், ஆனால் மூலை மேசையில் சுவரைப் பார்க்காத பக்கமாக உட்கார்ந்து, புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். வேலை நடக்கிற அறையில் அத்தையின் சத்தம் கேட்காதது சில்லுண்டிக்குக் காது அடைத்தது போல இருந்தது. அவளைக் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். கதவைவிடத் தன்மேல்தான் அதிகம் அடித்திருந்தாள்.

கடைசியாக டேப்பு 'அமைதி காக்கவும்' என்ற பலகையைச் சட்டத்தோடு எதிர்ச் சுவரில் மாட்டினான். ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில். திருப்தியாகக் கை கழுவப் போனான்.

சில்லுண்டிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஏணி அங்கேயே நின்றது. இரண்டே படி ஏறி, வலது கீழ் மூலையை ஒரு அரிசி அளவு இழுத்துவிட்டு இறங்கி, தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நூலகர் அம்மாவும் தையல்காரரும் உள்ளே வரும் வரை காத்திருந்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"அத்தை! இந்தப் பலகை சரியா இருக்கா?"

"டேப்பு மட்டம் வெச்சுப் பார்த்தான்ல. என்னை ஏன்டி கேட்கிறே?"

"சும்மா பாருங்களேன். தலையைத் திருப்புறதுக்குக் கூலியா கேட்கிறீங்க?"

அத்தை திரும்பினாள். பார்க்கக் கூடாது என்று இருந்தவள் பார்த்தாள். உட்கார்ந்திருந்ததால் நிற்பதற்கு நடை இல்லை. ஆனால் மூக்கு ஒரு தடவை சுருங்கியது.

"என் கண்ணுக்கு... வலது பக்கம் ஒரு அரிசி தாழ்ந்திருக்கு." உடனே தலையைக் குனிந்துகொண்டாள். "என் கண்ணை விடு. அது எப்பவும் அப்படித்தான் சொல்லுது."

"இல்லம்மா, நான் இப்பதானே வெச்சுப் பார்த்தேன்" என்று ஈரக் கையோடு வந்த டேப்பு, தன் பெருமைக்காக ரசமட்டத்தை மறுபடி சட்டத்தின் மேல் வைத்தான்.

குமிழி இடது பக்கம் ஒதுங்கி நின்றது.

தையல்காரர் "அட!" என்றார். நூலகர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒரு அரிசி! அங்க உட்கார்ந்துக்கிட்டே! உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகலைங்க!" அடுத்த நிமிஷம் ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். மாமா பட்டிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அன்றைய வாக்கியத்தைச் செலவழித்தார்: "நான்தான் சொன்னேனே."

அத்தை எழுந்தாள். முகத்தில் யாரோ விளக்குப் போட்டது போல இருந்தது. ஏணியை உலுக்கிப் பார்த்து, அதன் காலை ஒரு தள்ளு தள்ளிச் சரிசெய்து, தானே ஏறினாள். வலது மூலையைப் பிடித்துப் பலகையை நிமிர்த்தினாள். ரசமட்டத்தை அவள் கேட்கவில்லை, யாரும் நீட்டவும் இல்லை.

நிமிர்த்தியவள் இறங்கவில்லை.

சட்டத்தின் வலது மூலைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். தன் விரலைப் பார்த்தாள். விரல் நுனி நீலமாக இருந்தது. பாதி நீலமாக நின்ற கதவைப் பார்த்தாள். பிறகு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கூரையை ஆராய்ந்துகொண்டிருந்த சில்லுண்டியைப் பார்த்தாள். மெதுவாக இறங்கி அவளிடம் வந்தாள். மற்றவர்கள் இன்னும் அரிசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கையைக் காட்டு."

"எந்தக் கை, அத்தை?"

"ஒளிச்சு வெச்சிருக்கியே, அது."

காட்டினாள். கட்டைவிரல் நீலத்தில், சட்டத்தின் மரத்தூள் ஒட்டியிருந்தது.

அத்தை அந்த விரலை வெகுநேரம் பார்த்தாள். கோபம் வரும் என்று சில்லுண்டி தோளைக் குறுக்கிக்கொண்டாள். வந்தது கோபம் இல்லை. அத்தையின் வாய் திறந்து அப்படியே நின்றது. ஒரு பருவம் முழுக்கத் திரும்பிப் போய் ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துவிட்டு வந்தது போல.

"வீட்டுக் காலண்டர்?" என்றாள், குரலே எழும்பாமல்.

சில்லுண்டி தலையை ஆட்டினாள்.

"கூடத்துக் கண்ணாடி?"

"அது கொஞ்சம் தடவைதான், அத்தை."

"எப்பவும் வலது மூலையேதானா?"

"வெங்காயம் உரிக்கிற இடத்திலிருந்து எழுந்தா அதுதான் கைக்கு எட்டும்."

அத்தை கண்ணாடியைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகினாள். சில்லுண்டியின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"டேய் டேப்பு, என் சுத்தியலைக் கொண்டா."

எதற்கு என்று சில்லுண்டி கேட்கவில்லை.