மற்றவை என்றொரு ஃபோல்டர்

பாய் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்து, எங்கள் மென்பொருளின் ஃபைல்களை மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மந்தைவெளியில் ஒரு சின்னக் காபிக் கடை. அவர் விரலால் ஓட்டிக்கொண்டே இருந்தார், பெயர்கள் முடியவில்லை. சர்வர் இரண்டு காபியை வைத்துவிட்டுப் போனார், அப்போதும் முடியவில்லை. என் காபியில் ஆடை படிந்தது. ‘புதுசு’, ‘புதுசு இரண்டு’, ‘இதுதான் கடைசி’, ‘இதுதான் கடைசி, திருத்தியது’ என்று ஊர்வலமாகப் போன பெயர்கள் அத்தனையும் நான் வைத்தவை. பாய் கண்ணாடியைக் கழற்றி, மூக்கின் மேல் அது பதித்திருந்த பள்ளத்தைத் தேய்த்துக்கொண்டார். அலுப்பு தட்டினால் அவர் செய்கிற காரியம் அது. அந்த வருடம் அதை அடிக்கடி செய்தார்.

நாங்கள் இருவரும் அப்போது அடையாறில் ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் வேலை பார்த்தோம். அவர் ராயப்பேட்டை, நான் மந்தைவெளி. அவரை எல்லோரும் பாய் என்பார்கள், அவர் எல்லோரையும் நைனா என்பார். மேனேஜரிடம் லீவு கேட்கப் போகுமுன் ராகு காலம் பார்க்கிற ஜன்மம் நான். நோன்பு மாதத்தில் சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று பார்க்க வேண்டியவர் அவர். பகலை எட்டாகப் பிரித்தால்தான் ராகு காலம், ஆக இரண்டுக்கும் அஸ்தமன நேரம் வேண்டும் என்று ஒரு மதிய சாப்பாட்டில் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு நாட்காட்டி மென்பொருள் எழுத ஆரம்பித்தோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம் என்று இணையத்தில் பொதுவில் வைத்தோம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அஸ்தமனக் கணக்கை எழுதியவர் பாய். இன்றுவரை என் சொந்தக்காரர்கள் பார்த்துப் பார்த்து வெளியே கிளம்புகிற ராகு காலம், பாய் நோன்பு திறப்பதற்காக எழுதிய கணக்கின் தயவில் ஓடுகிறது. என் பெரியப்பாவிடம் மட்டும் இதை இன்னும் சொல்லவில்லை.

காலண்டர் அச்சடிக்கிறவர்கள் சிலர் அதை எடுத்துக்கொண்டார்கள். சில கோயில் இணையதளங்கள், சில பள்ளிவாசல்களில் மாட்டியிருக்கும் மின்பலகைகள். நாங்களோ ஃபைல்களை ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே போனோம். கடைசியில் முகம் தெரியாத ஒருவர், இது மென்பொருளா பழைய இரும்புக் கடையா என்று எழுதிக் கேட்டார். நான் அதற்கு, எடைக்குப் போட்டால் கிலோ என்ன விலை என்று பதில் எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். பாய் சிரிக்கவில்லை. அந்த ஆள் கேட்டது நியாயம் என்றார். அப்படித்தான் எல்லாவற்றையும் பிரித்து ஃபோல்டர்களில் அடுக்குகிற வேலை ஆரம்பித்தது. வீடு மாறியவர்களுக்கு இது புரியும். எதைத் தொட்டாலும் அதோடு ஒட்டிக்கொண்டு வேறு ஏதோ வரும். ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின.

எது எங்கே போக வேண்டும் என்று பாய்தான் பிரித்தார். சூரியன் என்று ஒரு ஃபோல்டர்: உதயம், அஸ்தமனம், தொழுகை நேரங்கள், ராகு காலம். சந்திரன் என்று ஒன்று: திதி, நட்சத்திரம், என் அமாவாசைகள். அச்சுக்கு ஒன்று. கடைசியில் மற்றவை என்று ஒன்று. அதற்குள் ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது, அதுவும் அவருடையது. பிறை என்று பெயர். அதில் ஒரே வரி, நடப்பு இஸ்லாமிய மாதம் என்றைக்குப் பிறந்தது என்கிற தேதி. மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை தெரிந்ததா என்று காஜியின் அறிவிப்பு வரும். தெரிந்தால் மறுநாள் புது மாதம், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் போக வேண்டும். பாய் அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்து, வந்ததும் தேதியைக் கையால் மாற்றுவார். பள்ளிவாசல் பலகைகள் அதைப் பார்த்துத்தான் தேதி காட்டும்.

எல்லாவற்றையும் கௌரவமாக உட்கார வைத்துவிட்டு உங்களுடையதை மட்டும் ஏன் மூலையில் போட்டீர்கள், சந்திரனில் போடலாமே என்று கேட்டேன். பெருந்தன்மை என்று நினைப்பு எனக்கு.

“அங்க கீறதெல்லாம் கணக்கு நைனா. நூறு வருசத்துக்கு இப்பவே போட்டுக் குடுத்துடலாம். இது கணக்கு இல்ல. எவனாவது வானத்தைப் பாத்துட்டு வந்து சொன்னாத்தான் உண்டு. உன் சந்திரனாண்ட இதுக்கு இன்னா வேலை?”

அடுக்கி முடித்து வெளியிட்ட அன்றைக்கு ஒரு கோயில் இணையதளத்தில் ராகு காலம் காணாமல் போனது. அவர்கள் இன்னும் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கவனித்துச் சரிசெய்வதற்குள் ராகு காலமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மயிலாப்பூருக்கு வாய்த்தது. ஒரு ஆபத்தும் நேர்ந்ததாகத் தகவல் இல்லை.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான். நிறையத் திருத்தங்கள் அனுப்புகிற சுறுசுறுப்பான ஆர்வலர் ஒருவர், மற்றவை என்று ஒரு ஃபோல்டர் இருப்பதே சோம்பேறித்தனம், அதைக் காலி செய்வோம் என்று எழுதினார். பிறை ஃபைலைத் தூக்கிவிட்டு, நிலா எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதைச் சூத்திரம் போட்டுக் கண்டுபிடித்து, திருத்தத்தைத் தயாராக அனுப்பியும் விட்டார். அழகான சூத்திரம், அதில் பொய் சொல்ல மாட்டேன். அதன் கீழே பாராட்டுக் கட்டைவிரல்கள் மளமளவென்று உயர்ந்தன. ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. மேகம் மூடி, பிறை யார் கண்ணிலும் படாமல் போனால் சூத்திரத்துக்கு அது தெரியாது. பலகைகள் ஒரு நாள் முன்னதாகவே நோன்பு என்று காட்டும்.

பாய் பதிலே எழுதவில்லை. ஆபீஸ் கேன்டீனில் பிடித்துக் கேட்டேன். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“போடட்டும் வுடு. மாசா மாசம் ஒரு சாயங்காலம் இந்த ஃபைலுக்குன்னு போவுது. தங்கச்சி கல்யாணத்துல எல்லாரும் போட்டோவுக்கு நின்னுக்கினு கீறாங்க, நான் போனைப் பாத்துக்கினு நிக்கறேன். எனக்கு அலுத்துப் போச்சு நைனா.”

தப்பாகப் போனால் என்ன செய்வீர்கள் என்றேன்.

“ஜமாத்துல என்னைத்தான் கேப்பாங்க. வேற யாரைக் கேப்பாங்க?”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஜோக் இல்லாமல் ஒரு நீண்ட பதில் எழுதினேன். கணக்குக்குக் கட்டுப்படாத ஒன்று எங்கள் நாட்காட்டியில் இருப்பது குறையில்லை, அதை நம்பி ஜனங்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், ஒருவர் அதற்காக ஜமாத்தில் தலையைக் கொடுத்திருக்கிறார் என்றெல்லாம். அதன் கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் எதையோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தார்கள். இன்னொரு முறை, இன்னும் கடுமையாக எழுதினேன். “அண்ணா, உங்க அக்கவுண்டை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?” என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். ஊரைச் சிரிக்க வைத்தே காலத்தை ஓட்டியவன் ஒருநாள் அழுதால் அதற்கும் கை தட்டுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சூத்திரம் அனுப்பிய ஆர்வலர்தான் கடைசியில் சரியான கேள்வியைக் கேட்டார். சரி, ஃபைல் இருக்கட்டும். பாய் வாரக்கணக்கில் எதற்கும் பதில் போடவில்லையே, மாதாமாதம் இதை யார் மாற்றுவது?

நான் என்று எழுதினேன். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பாய் என் நாற்காலிக்கு வந்து நின்று, “உன்னை எவன் நைனா கேட்டான்?” என்றார். கோபமா சந்தோஷமா என்று முகத்தில் தெரியவில்லை. அன்று மாலையே அறிவிப்பு வருகிற வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். ரமலான் முடிந்தால் அந்த வேலையை மறுபடி வாங்கிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. பராமரிப்பவர்கள் பெயர்களில் இருந்து தன் பெயரையும் எடுத்துவிட்டார். பிறகு வேறு கம்பெனிக்குப் போனார். பெருநாள் பிரியாணி வருவதும், தீபாவளி லேகியம் போவதும் மட்டும் நிற்கவில்லை.

இப்போது அந்தச் சாயங்காலங்கள் என்னுடையவை. என் அமாவாசை முடிந்து ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளி, மந்தைவெளி ஃபிளாட்டின் பால்கனியில் போனோடு நிற்பேன். தேதியை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த நிமிடம் எப்போது வரும் என்று தெரியாததால் கச்சேரிக்குப் போக முடியாது, சினிமாவுக்குப் போக முடியாது, மச்சினன் வந்தால் முகம் கொடுத்துப் பேச முடியாது. மச்சினன் விஷயத்தில் எனக்கு வருத்தமில்லை. மற்றபடி அலுப்பாகத்தான் இருக்கிறது. இதே அலுப்போடு அவர் எத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்! நான் அவருக்கு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ரமலானுக்கு முந்தைய மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் ஊரெங்கும் மேகம். அறிவிப்பு வரவில்லை. “ஏன்னா, இன்னும் தெரியலையா? ரசம் ஆறிண்டிருக்கு” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். அதே நேரத்தில் போன் அடித்தது. பாய்.

“இன்னா நைனா, நாளைக்கு நோன்பா? விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு சமைக்கணுமான்னு வூட்ல கேட்டுக்கினு கீறாங்க.”

அவருக்கும் அதே குழுவில்தான் சேதி வரும். இருந்தும் என்னைக் கேட்டார். சூத்திரப்படி பார்த்தால் நாளைக்குத்தான் பாய் என்றேன்.

“சூத்திரத்தை நான் கேக்கல. உன்னைக் கேக்கறேன்.”

சட்டென்று ஒரு ஜோக் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். “இன்னும் தெரியல பாய். சேதி வந்தா சொல்றேன்.”

“சரி” என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும், யாரோ யாரையோ உருதுவில் அதட்டுவதும் கேட்டது. நானும் வைக்கவில்லை. நீ சாப்பிடு என்று உள்ளே கையைக் காட்டிவிட்டு, பால்கனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.