முடியாதவர் லயத்துச் சந்திரமதி

கூலாய்க்குக் கிழக்கே இருந்த அந்தக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், சந்திரமதியின் வாயைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவள் ஆஸ்பத்திரி மேட்டில் நின்று யாரையாவது திட்டினால், கீழே பால் கொட்டகையில் நிற்கிறவன் துரைதான் கத்துகிறார் என்று பயந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வானாம். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் ரொம்பவும் கூட்டிவிடவில்லை.

ஆஸ்பத்திரியை ஒட்டினாற்போல நீளமாக ஒரு கட்டடம். பாலுக்காக மரம் வெட்டி வெட்டியே ஓய்ந்துபோனவர்கள், கைகால் விழுந்தவர்கள், சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாதியும் இல்லாதவர்கள் அங்கே கிடந்தார்கள். முடியாதவர் லயம் என்று அதற்குப் பெயர். அந்த லயத்துக்கு ஆயா சந்திரமதி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பீத்துணி அலசுவது எல்லாம் அவள்தான். செய்கிற வேலையில் ஒரு குறை இருக்காது, செய்கிற நேரம் முழுக்க வாயும் ஓயாது. “வாய்தானே பேசுது, கை சும்மாவா இருக்குது?” என்பது அவளுடைய நியாயம். நியாயம்தானே!

அவள் பிறக்கும்போதே ஆயாவாகப் பிறந்துவிடவில்லை. ஜெர்மன்காரன் சண்டை தொடங்கின வருஷம் புருஷன் வேலுவோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தாள். முதல் மழைக்காலத்துக் காய்ச்சல் வேலுவைக் கொண்டுபோயிற்று. அதே காய்ச்சலில் அவளும் ஆஸ்பத்திரிப் பாயில் கிடந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி இருந்த லட்சணத்தைச் சொல்லி மாளாது. ஈக்களை விரட்டக்கூட ஆள் கிடையாது. பிழைத்தால் பிழைத்தாள், போனால் கித்தா மரத்தடியில் ஒரு குழி, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் கருப்பாயி வந்தாள். கூலிக்காரர் குடியிருந்த பக்கத்து லயத்துக்காரி, பால்வெட்டு வேலை. உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. வெட்டு முடிந்து பாலை ஊற்றிவிட்டு, சேலையெல்லாம் பால் காய்ந்து ஒட்டியிருக்க, ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியோடு மேடேறி வருவாள். “உப்புப் போட்டிருக்கேன், குடி. உப்பில்லாத கஞ்சி ஒடம்புல ஒட்டாது” என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் கன்னத்தில் லேசாக ஒன்று வைப்பாள். அப்படித்தான் சந்திரமதி பிழைத்தாள். பிழைத்து எழுந்தவள் மேட்டை விட்டு இறங்கவில்லை. தான் கிடந்த பாயை எரித்துவிட்டு அங்கேயே வேலை கேட்டாள்.

பல வருஷம் கழித்து ஒரு காலை, மரத்தடியில் குனிந்த கருப்பாயி நிமிரவில்லை. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போயிற்று. அவளை டோலியில் தூக்கி வந்தபோது சந்திரமதி அழவில்லை. “வாக்கா, ஒன் எடம் காலியாத்தான் இருக்குது” என்று சொல்லி ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் கிடத்தினாள். அன்றிலிருந்து தோட்டத்து மணி அடிக்கும்போதெல்லாம், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து கருப்பாயியைப் புரட்டிப் படுக்கவைப்பாள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் மணிக்கு இந்தப் பக்கம், பால் நிறுக்கும் மணிக்கு அந்தப் பக்கம். ராத்திரியில் மணி கிடையாது, அவளே எழுந்துகொள்வாள். முதுகில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, குதிகாலுக்கடியில் பழந்துணிச் சுருட்டை வைப்பாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். தினமும் புரட்டிப் பார்த்தால்தானே தெரியும் அதன் கனம்.

அந்த லயத்தில் அவளுக்கு ஈடு கொடுத்து வாயாடுகிறவர் ஒருவர் உண்டு. அய்யாவு. காடு வெட்டிய காலத்தில் மரம் விழுந்து ஒரு காலைப் பறிகொடுத்தவர். கோபம் மட்டும் இரண்டு காலில் நிற்கும். தினமும் கஞ்சித் தட்டை வாங்கி ஒரு வாய் வைத்ததும் தொடங்கிவிடுவார். உப்புக் குறைச்சல் என்பார், மறுநாள் உப்புக் கரிக்கிறது என்பார். “நாக்கை வெட்டி உப்புத் தண்ணியில ஊறப்போடட்டுமா, மாமா?” என்று இவள் கேட்பாள். இதைக் கேட்காவிட்டால் மற்றவர்களுக்குக் கஞ்சி இறங்காது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கித்தா விலை மண்ணாய்ப் போயிற்று. ஆள் குறைத்தார்கள், கூட்டம் கூட்டமாக நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் பெர்னார்ட் மேடேறி வந்தார். டவுன் பிள்ளை, நல்ல மனுஷன், ஆனால் துரை தும்மினாலே இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவர் சொன்ன சேதி இதுதான்: சுகாதாரத் துரை லயத்தைப் பார்க்க வருகிறார். கவனிப்புச் சரியில்லை என்று அவர் எழுதிவிட்டால் லயத்தை மூடிவிடுவார்கள். இங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் கப்பல்தான்.

சந்திரமதி கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அய்யாவுக்கு அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள்? கருப்பாயியைக் கப்பலில் யார் புரட்டிப் போடுவார்கள்? இரண்டு நாள்கூடத் தாங்காதே! அவளுடைய கருப்பாயி அக்காவைக் கடலில் போட்டுவிட்டுப் போய்விடுவார்களே!

அன்றிலிருந்து சுண்ணாம்பு அடித்தாள், தரையைத் தேய்த்தாள், விரிப்புகளை வெள்ளாவி வைத்தாள். தாத்தாக்களுக்குச் சவரம் செய்வித்தாள். எல்லாம் முடிந்ததும் நடுவில் நின்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். “துரை வரும்போது மரியாதையா இருக்கணும். யாரும் வாய் தொறந்து மானத்தை வாங்கிடாதீங்க.” அய்யாவு மட்டும் சுவரைப் பார்த்து என்னவோ முனகினார்.

அந்த ஒரு வார்த்தைதான் வினையாக வந்து முடிந்தது.

சொன்ன நாளில் மத்தியானம் வரவேண்டிய துரை காலையிலேயே வந்துவிட்டார். சந்திரமதி பின்கட்டில் கஞ்சி அடுப்பில் இருந்தாள். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் லயத்துக்குள் என்ன நடந்தது தெரியுமா? காலம் முழுக்கத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, குடையை மடக்கி, துண்டை அவிழ்த்து ஒதுங்கி நின்ற ஜனங்கள். துரை தரையில் நிற்கும்போது தாங்கள் கட்டில் மேலே இருப்பதா? ஒவ்வொருவராக ஊர்ந்து இறங்கித் தரையில் குந்திக் கைகூப்பினார்கள். அதோடு விட்டார்களா? மரியாதைக் குறைவாகத் தெரியக்கூடாதென்று விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்தும் விட்டார்கள். கருப்பாயி மட்டும் மேலே கிடக்கலாமா என்று, தங்களாலேயே நிற்க முடியாத இரண்டு பேர் அவளையும் தோளைப் பிடித்துச் சறுக்கி வெறும் சிமெண்டில் கிடத்திவிட்டார்கள்.

துரை பெர்னார்டோடு உள்ளே வந்து பார்த்தார். கட்டிலெல்லாம் வெள்ளை வெளேரென்று காலி. நோயாளிகள் தரையில். கைகால் விழுந்த ஒரு கிழவி வெறும் தரையில். அவர் முகம் சிவந்துவிட்டது. ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று பெர்னார்டை விட்டுக் கேட்டார். அதற்கு அந்தப் புண்ணியவான்கள் என்ன சொன்னார்கள் என்கிறீர்கள்? “எங்களுக்கு என்ன சாமி, கீழேயே போதும்.” பணிவாகப் பேசினார்களாம்! கட்டிலெல்லாம் வெறும் காட்சிக்கு வைத்தது, இந்த ஜனங்களை நாயைப்போலத் தரையில் போட்டிருக்கிறார்கள், இதை அப்படியே எழுதப்போகிறேன் என்று கத்தினார் துரை. பெர்னார்ட் குனிந்து துரையின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சந்திரமதி கரண்டியோடு உள்ளே வந்தாள். அவள் கண்ணில் துரை படவில்லை. சிமெண்டில் கிடந்த கருப்பாயிதான் பட்டாள்.

“எந்தப் பாவி இவளைக் கீழ போட்டது?”

கரண்டி ஒரு மூலையில் போய் விழுந்தது. ஒரே தூக்காகக் கருப்பாயியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டே மற்றவர்களுக்கு விழுந்தது பாருங்கள், அர்ச்சனை! சளி கட்டின நெஞ்சோடு ஈரத் தரையில் குந்தியிருக்கிறாயே, ராத்திரி இருமினால் யார் உட்கார்ந்திருப்பது என்று ஒருவரை. உனக்கு நான் குளிப்பாட்டி இன்னும் முடி காயவில்லையே என்று ஒருத்தியை. அவள் ஒவ்வொருவர் நோயையும் சொல்லிச் சொல்லித் திட்ட, அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கட்டிலில் ஏறினார்கள். அவரவர் தலையணையை அவரவருக்குப் பழகின மாதிரி மடித்து வைத்துக்கொண்டார்கள். இது நேற்று வந்த பழக்கம் இல்லை என்று குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

துரை சுற்றிலும் பார்த்தார். கடைசிக் கட்டிலில் அய்யாவு முதலிலிருந்தே அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவர் ஏன் மற்றவர்களோடு இறங்கவில்லை என்று துரை கேட்டார். பெர்னார்ட் அதைத் தமிழில் கேட்டதும் அய்யாவு துரையை நேராகப் பார்த்தார்.

“என்னைய இதுல ஏத்தி வச்சது அவ. அவ சொன்னாத்தான் எறங்குவேன். தொரைக்கு வேணும்னா அவளைக் கேக்கச் சொல்லு.”

பெர்னார்ட் உதட்டை நக்கிக்கொண்டார். மாற்றிச் சொல்லிவிடலாம், துரைக்குத் தெரியவா போகிறது? ஆனால் அந்தப் பயந்த மனுஷன் அன்றைக்கு ஒரு வார்த்தை குறைக்காமல், கூட்டாமல் இங்கிலீஷில் சொன்னார். ஆண்டவர் அவரை நன்றாக வைக்கட்டும்.

துரை கருப்பாயியின் கட்டிலருகே போனார். எத்தனை காலமாக இப்படிக் கிடக்கிறாள் என்று கேட்டார். மூன்று வருஷம் என்றார் பெர்னார்ட். துரை நம்பவில்லை. முதுகைப் பார்க்க வேண்டும் என்றார். சந்திரமதி சேலையை ஒதுக்கிப் புரட்டிக் காட்டினாள். துரை குனிந்து பார்த்தார். இடுப்பெலும்பில் விரல் வைத்துப் பார்த்தார். குதிகாலைத் தூக்கிப் பார்த்தார், அடியிலிருந்த துணிச் சுருட்டையும் பார்த்தார். எங்கேயும் ஒரு புண் இல்லை. வைத்தியம் படித்தவர் அல்லவா, மூன்று வருஷம் படுக்கையில் கிடந்த உடம்பு புண்ணில்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. நிமிர்ந்தவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கருப்பாயிக்குச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த சந்திரமதி அதைக் கவனிக்கவில்லை.

அவரை வழியனுப்பப் போன பெர்னார்ட் ஓட்டமாகத் திரும்பி வந்தார். லயத்தை மூடக்கூடாது என்று துரை எழுதப்போகிறாராம். “யாரும் கப்பலேற வேணாம், ஆயாம்மா. நீங்க இங்கயே இருக்கலாம், எல்லாரும்.” சந்திரமதி கருப்பாயியின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். காய்ச்சலில் புருஷனைக் கொடுத்தபோது அழுததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படி அழுதாள். கருப்பாயி விழாத கையால் அவள் தலையைத் தேடித் தடவி, குழறிக் குழறி, கஞ்சி, கஞ்சி என்றாள். அடுப்பில் இருக்கிற ஞாபகம் அவளுக்குத்தான் வந்தது.

ஓடிப்போய் இறக்கி எல்லாருக்கும் ஊற்றினாள். அய்யாவு தட்டை வழித்துக் குடித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தார். கருப்பாயி ஊட்ட ஊட்ட வாயைத் திறந்தாள். எல்லாரும் முடித்த பிறகு சந்திரமதி பின்கட்டில் உட்கார்ந்து தன் பங்கை ஒரு வாய் வைத்தாள். வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கஞ்சியில் ஒரு கல் உப்பு இல்லை. துரையின் கூச்சல் கேட்டு ஓடினவள் போட மறந்துவிட்டிருக்கிறாள்.

தட்டோடு எழுந்து அய்யாவுவின் கட்டிலுக்கு வந்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“மாமா, கஞ்சியில உப்பு எப்படி இருந்துச்சு?”

“இன்னிக்குத்தான் சரியாப் போட்டிருக்க” என்றார் அவர், திரும்பாமலே.